தொப்புள் மட்டும் பாக்கி

சவாயீ தீவில் பெலெனாட்டோவைப் போல வாய் கிழியப் பேசுகிறவன் இன்னொருவன் கிடையாது. கடற்கரை விடுதிக்கு வரும் வெள்ளைக்காரர்களை உட்கார வைத்துக்கொண்டு, தன் உடம்பில் குத்தியிருக்கும் பச்சையைக் காட்டிப் பாடம் எடுப்பான். "முதுகுல குறுக்கால போகுதே, அது எங்க மூதாதையருங்க வந்த படகு. இது பழந்தின்னி வௌவால். ரெண்டு பொண்ணுங்க ஃபிஜியிலேர்ந்து ஊசிக்கூடையோட நீந்தி வந்து எங்களுக்குக் கொடுத்த வித்தை இது. வலி தாங்குறவனுக்குத்தான்!"

இத்தனையும் சொல்கிற ஆள், இடுப்புத் துணியைத் தொப்புளுக்கு நாலு விரல் மேலே ஏற்றிக் கட்டியிருப்பான். காரணம் ஊருக்கே தெரியும். முதுகிலும் இடுப்பிலிருந்து முழங்கால் வரையிலும் குத்தி, கடைசியாகத் தொப்புளில் குத்தினால்தான் அது முழுப் பச்சை. நடுவில் எழுந்து ஓடினவன் அரைகுறை. அந்த அவமானம் அவனோடு நிற்காது, வீட்டுக்கே ஒட்டிக்கொள்ளும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எட்டு நாள் படுத்துக் குத்திக்கொண்ட இந்த வீரன், ஒன்பதாம் நாள் காலையில் ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனான். போனவன் பக்கத்துத் தீவுக்குப் படகேறிவிட்டான். வெட்கங்கெட்டவன், மூன்று மாதம் கழித்துக் கொழுத்துத் திரும்பி வந்தான்.

இப்போது அவனுடைய பெரியப்பா இறந்து, குடும்பத் தலைவர் பட்டம் காலியானது. குடும்பக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவன் பெலெனாட்டோ. அவனுடைய அக்கா மகெரீட்டா எல்லாரும் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அக்கா சொன்னால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

"பட்டத்த உனக்கே கொடுக்கலாம்டா. துணியக் கொஞ்சம் இறக்கு, பாப்போம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"அக்கா, அப்ப எனக்குக் காய்ச்சல்..."

"பத்தொம்பது வருசமாவா காயுது? செவ்வாக்கெழம பச்ச குத்துறவர் வர்றாரு. படுத்தா பட்டம். எந்திரிச்சு ஓடினா, வெள்ளக்காரனுக்குக் கத சொல்லிக்கிட்டே கெட."

செவ்வாய்க்கிழமை பாயில் படுத்தான். பட்டத்து ஆசை யாரை விட்டது! ரெண்டு பேர் வயிற்றுத் தோலை இழுத்துப் பிடிக்க, பெண்கள் பாட, பன்றிப்பல்லில் செய்த ஊசிச் சீப்பின் முதல் அடி விழுந்தது. அலறினான் பாருங்கள், பாட்டே நின்றுபோனது. அக்கா அவன் தலையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

கல்லடுப்பில் வைத்த சேப்பங்கிழங்கு வேகுமுன்பே, "முடிஞ்சுது, எந்திரி" என்றார் பச்சை குத்துகிறவர். முறைப்படி மஞ்சளெண்ணெய் பூசித் தலையில் முட்டை உடைத்தார்கள். பெலெனாட்டோ எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.

"அக்கா, இவ்ளோதானா? இதுக்கா நான் பயந்தேன்!"

மகெரீட்டா சிரிக்கவில்லை.

"நீ ஓடின நாள்லேர்ந்து அம்மா சாகுற வரைக்கும் சர்ச்சுல கடைசி வரிசையிலதான் உக்காந்தா. ஒருத்தர் மூஞ்சியையும் நிமிந்து பாத்ததில்ல. இவ்ளோதான்டா."

தலையிலிருந்து கண்ணில் வழிந்த முட்டையைத் துடைக்கக்கூட அவனுக்குக் கை எழவில்லை.