டவருக்கு மரியாதை

போன வாரம் வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். தின்னர் வாசனை மூக்கில் ஏறியதும் என் கட்டைவிரல் தானாக எதையோ அமுக்கியது. காபி டம்ளர்தான். விரலுக்கு அது தெரியவில்லை, ரேடியோ பட்டன் என்று நினைத்துவிட்டது.

சிரிக்காதீர்கள். நானும் ஒரு காலத்தில் விமானம் ஓட்டியவன். ஆம்பூரில் இதைச் சொன்னால், "எந்தப் படத்துல?" என்று கேட்கிறார்கள்.

சென்னையில் பயிற்சி. ஏறுவது, திரும்புவது, இறங்குவது எல்லாம் கைக்கு வந்துவிட்டன. வாய்தான் வரவில்லை. பேச ரேடியோ பட்டனை அமுக்கியதும் நாக்கு காய்ந்த தோலாகிவிடும். ஒருமுறை "யார் பேசறது?" என்று கீழே கண்ட்ரோல் டவரிலிருந்து கேட்டதற்கு, விமானத்தின் எண் மறந்துபோய் "நான்தான்" என்று பதில் சொன்னேன். பயிற்சியாளரைக் கேப்டன் என்போம். அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார்: "கை ஓகே. வாய் ஸீரோ. வேலூருக்குத் தனியா போய்ட்டு வா. அதுலயும் பேசலன்னா மூட்டையக் கட்டிடு."

ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்து சாதிக்கிடம் புலம்பினேன். பள்ளிக்கூடத்திலிருந்தே தோஸ்த். தோல் பதனிடும் டேனரியில், தின்னர் கலந்த சாயத்தைத் தோலுக்கு ஸ்ப்ரே அடிக்கும் வேலை அவனுக்கு. அவன் கட்டிப்பிடித்தால் தின்னர் வாசனையும் சேர்ந்து கட்டிப்பிடிக்கும்.

"இதுக்கு இன்னாத்துக்கு பேஜாரு? நான்தான் டவரு. நீ சுத்து" என்றான்.

டேனரிக்குப் பின்னால் தோல் காயவைக்கும் களம். வரிசையாகத் தோல்கள் தொங்கும், நடுச்சந்துதான் ஓடுபாதை. கைகளை விரித்துக்கொண்டு நான் சுற்றி நடக்கவேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் எங்கே இருக்கிறேன் என்று உரக்கச் சொல்லவேண்டும். பழகும் விமானிகள் தரையில் இப்படி நடந்து பார்ப்பது வழக்கம்தான். ஆனால் ஈரத் தோல் கன்னத்தில் அறைய அறைய நடந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வேலைசெய்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஃபைனல்" என்று சொன்னால், ஓடுபாதைக்கு நேராக வந்துவிட்டேன், இறங்கலாமா என்று அர்த்தம். டவர் சரி சொல்லவேண்டும். பதில் வராவிட்டால் இறங்கக்கூடாது. மறுபடி மேலேறி இன்னொரு சுற்று சுற்றவேண்டும். இந்தச் சட்டம் சாதிக்குக்கு ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

"ஃபைனல்" என்பேன். கவிழ்த்த டிரம் மேல் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருப்பான்.

"டேய், ஃபைனல்டா!"

"டவருக்கு மரியாதை குடு. பாய்னு கூப்புடு."

"ஃபைனல், பாய்."

"தோலு இன்னும் காயல. இன்னொரு ரவுண்டு போ."

அந்த வெயிலில் எத்தனை ரவுண்டு போனேனோ! கடைசியில் "சரி, இறங்கு. பக்கத்து சீட்டு எனக்குத்தான், மறந்துடாத" என்றான். லைசென்ஸ் வந்ததும் முதல் ஆள் நீதான் என்று சத்தியம் செய்தேன்.

வேலூருக்குக் கிளம்பிய அன்று எல்லாம் திட்டப்படிதான். எந்தத் திசை, காற்று எவ்வளவு தள்ளும், எத்தனை நிமிடம், எவ்வளவு எரிபொருள் என்று தொடையில் கட்டிய அட்டையில் எழுதியிருந்தேன். பாதி வழியில் ஆற்றைக் காணோம். வரைபடத்தில் நீலமாகப் போட்டிருந்தது, கீழே நீலமே இல்லை. வழி தவறிவிட்டது என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது, காலடியில் வெள்ளையாகக் கிடந்த மணல்தான் பாலாறு. பிறந்ததிலிருந்து அதில் கிரிக்கெட் ஆடியவன், மேலே போனதும் தண்ணீர் தேடியிருக்கிறேன்!

வேலூரில் டவர் கிடையாது. ஓடுபாதை ஓரம், முன்னாலேயே ஜீப்பில் வந்துவிட்ட கேப்டன் வயர்லெஸ்ஸோடு நின்றார். பட்டனை அமுக்கினேன். கண் முன்னால் தோல்கள் ஆடின. வாய் திறந்துகொண்டது. விமானத்தின் எண், உயரம் எல்லாம் சரளமாக வந்தன, கடைசியில், "ஃபைனல், பாய்!"

வயர்லெஸ்ஸில் கேப்டன் கத்தினார்:

"யாருடா பாய்? இறங்கித் தொல!"

லைசென்ஸ் வந்தது. வேலை வரவில்லை. நேர்முகத் தேர்வுகளில் பட்டனும் இல்லை, பாயும் இல்லை. புதுப்பிக்க முடியாமல் லைசென்ஸும் செத்தது. நான் ஷூ கம்பெனியில் பெட்டிகளை ஏற்றுமதிக்கு அனுப்பினேன், விமானத்தில்தான். "இன்னாடா, சீட்டு எப்போ?" என்று சாதிக் கேட்பான். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டான்.

ஸ்ப்ரே அடிக்கும்போது மாஸ்க் போடச் சொன்னால், "மூச்சு முட்டுதுடா" என்பான். கம்பெனி கொடுத்தது ஒரு துணித்துண்டு. ஐம்பது வயதுக்குள் நுரையீரல் முடிந்துபோயிற்று. வேலூர் ஆஸ்பத்திரியில் அவன் முகத்தில் அப்போதுதான் நல்ல மாஸ்க் இருந்தது. எனக்கு வழக்கம்போல் வாய் வரவில்லை. அவன் கட்டைவிரலால் காற்றை அமுக்கிக் காட்டினான், பேசுடா என்று.

"ஃபைனல், பாய்" என்றேன்.

உதடு அசைந்தது. சத்தம் இல்லை. குனிந்து காத்திருந்தேன். நர்ஸ் வந்து, "டைம் முடிஞ்சுது, கெளம்புங்க" என்றார். அடுத்த பார்வை நேரத்துக்கு அவன் இல்லை.

அந்தக் களம் இப்போது கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்தம். போன வாரம் பெயிண்ட் அடித்தவரிடம் மாஸ்க் போட்டுக்கொள்ளச் சொன்னேன். "மூச்சு முட்டுது சார்" என்றார். தலைக்கு மேல் பெங்களூரு விமானம் போனது. அதற்கு யாரோ பதில் சொல்லி இறக்கிவிடுவார்கள். எனக்கு இன்னும் பதில் வரவில்லை. சட்டப்படி, நான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.