மூன்று சுவெற்றர்

சென்ற செவ்வாய்க்கிழமை வரவேண்டிய லொறி ஒன்று வரவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் எங்களை இரண்டு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சரி, இன்றைக்காவது மகளை நேரத்தோடு கூட்டிக்கொண்டு போவோம் என்று கார்டெரிக்குப் போனேன். வேலைக்குப் போகும் பெற்றோர் சின்னப் பிள்ளைகளைப் பகலில் விடுகிற இடத்துக்கு பிரெஞ்சு பேசும் இந்த ஊரில் அதுதான் பெயர்.

வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். முற்றம் முழுக்கப் பனி. அதன் மேல் ஏழெட்டுப் பிள்ளைகள் மல்லாந்து கிடந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அங்கே கிடந்த சிவப்பு ஜக்கெற் என் மகளுடையது.

நான் விட்டு வந்த ஊரில், சண்டைக் காலத்தில், பிள்ளைகள் அப்படிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். அதற்கு மேல் எழுதவில்லை.

கேற்றை எப்படித் திறந்தேன் என்று தெரியாது. ஓடினேன். ஒரு சப்பாத்து பனிக்குள் புதைந்து கழன்றேவிட்டது.

"நிலானி! எழும்பு பிள்ளை! எழும்பு!"

கண் திறந்தது. கையுறை போட்ட கையை வாயில் வைத்தாள்.

"ஷ்ஷ்... அப்பா, கதைக்காதேங்கோ. நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறம்."

"என்னத்தையடி கேக்கிறியள்?"

"எல்லாத்தையும்."

அப்போதுதான் கவனித்தேன் — அவர்களுடைய ஆசிரியை மனோனும் ஒரு ஓரத்தில் மல்லாந்து கிடந்தார். அறுபதை எட்டும் மனுசி! எழும்பிப் பனியைத் தட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல, யார் யாருக்கு என்ன கேட்டது என்று பிள்ளைகளிடம் விசாரித்தார். ஒருவனுக்கு விமானம். இன்னொருத்திக்குத் தெருவில் பனி தள்ளும் வண்டி. ஒரு பொடியனுக்குத் தன்னுடைய வயிறு.

என் மகள் சொன்னாள்: "அப்பான்ர சப்பாத்து."

குளிர் கூடின நாளில் மிதிக்கும்போது பனி கீச்சென்று கத்துமாம். குளிர் குறைந்த நாளில் கத்தாதாம். நாலு வயது. எனக்கு விளங்கப்படுத்துகிறாள்! பதினான்கு வருடமாக இந்தப் பனியை மிதிக்கிறேன். ஒருநாளாவது நான் அதைக் கேட்டேனா?

ஆனால் இந்த வாரப் பத்தி அதைப் பற்றியது அல்ல. சுவெற்றரைப் பற்றியது.

அவளைத் தூக்கினேன். பாரமே இல்லை. ஜக்கெற்றின் கழுத்துக்குள் கை விட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு சுவெற்றர். காலையில் நான் போட்டுவிட்டது மூன்று!

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இந்த மூன்று சுவெற்றரின் கதை தெரியும். போன பங்குனியில் நிலானிக்கு நியூமோனியா வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாற்பத்தைந்தாவது வயதில் எனக்குக் கிடைத்த ஒரே பிள்ளை. அந்த நாலு நாளும் அவளுடைய நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான் — மஞ்சள், அதற்கு மேல் நீலம், அதற்கு மேல் தடித்த சாம்பல்.

இந்தக் குளிர்காலம் அவளுக்கு ஒரு தடிமன்கூட வரவில்லை. நான் சும்மா இருந்தேனா? பக்கத்து நகரமான புரோசார்ட்டில் ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக் வெட்டும் வரைக்கும் சுவெற்றரைப் பற்றியே பேசினேன். போதாததற்கு டிசம்பரில் இதே பக்கத்தில் உங்களுக்கும் புத்திமதி எழுதினேன்.

"எங்கே மற்ற இரண்டும்?" என்று மனோனிடம் கேட்டேன். கோபத்தில் என் அரைகுறைப் பிரெஞ்சு கால்வாசியாகிவிட்டது.

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். "மூன்றையும் போட்டால் இவளால் கையை மடக்க முடியவில்லை, முசியே. விழுந்தால் எழும்ப முடியவில்லை. மற்றவர்கள் உருட்டி நிமிர்த்த வேண்டியிருந்தது. ஓடினால் வியர்க்கிறது. அந்த ஈரம்தான் பிறகு குளிரும். ஜனவரியில் உங்களிடம் இரண்டு தரம் சொன்னேனே?"

சொல்லியிருப்பார். நானும் வழக்கம்போல நன்றிக்கு "மெர்சி, மெர்சி" என்று தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடியிருப்பேன்.

"அப்படியென்றால் பின்னேரம் நான் வரும்போது மூன்றும் இருக்கிறதே... அது எப்படி?"

மனோன் மகளைப் பார்த்துச் சிரித்தார்.

"நான்தான் போடுறனான்," என்றாள் நிலானி. "போடாட்டி அப்பா பயப்பிடுவியள்."

இப்போது எல்லாம் விளங்கியது. சில நாட்களில் வீட்டுக்கு வந்து கழற்றும்போது சாம்பலுக்கு மேல் நீலம் இருக்கும். மனைவியிடம் சொன்னால், "உங்களுக்குக் கண்ணாடி மாத்த வேணும்" என்பாள். கண்ணாடியில் பிழை இல்லை. நான் இன்னும் காலுறை போட்டுவிடுகிற பிள்ளை, ஒவ்வொரு பின்னேரமும் தானாகவே இரண்டு சுவெற்றரைத் தலைவழியே இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

இதற்கு நான் சந்தோஷப்படுவதா? அழுவதா? என்னிடம் மறைக்கிறாளே என்று ஏசுவதா? ஃபிரிஜ் கதவில் அ, ஆ ஒட்டி வைத்து நான் படிப்பித்தது ஒருபக்கம். அப்பாவுக்குப் பயம், அப்பாவை இப்படித்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அவளுக்கு யார் படிப்பித்தது? மனோனா? பனியா? நானேதானா?

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். "பிள்ளை ஒரு சுவெற்றரோடதான் இவ்வளவு நாளும் விளையாடியிருக்கு. ஒண்டும் வரேல்லைதானே?" என்றாள். உண்மைதான். ஆனால் நெஞ்சு கேட்க வேண்டுமே...

வியாழக்கிழமை ரெலிபோனில் ஒரு வாசகி. "அண்ணை, நீங்கள் எழுதினபடி நானும் மகனுக்கு மூண்டு போடுறன். பொடியன் நடக்கிறானில்லை, உருளுறான். என்ன செய்ய?"

"கழட்டுங்கோ தங்கச்சி" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "ஒண்டைப் பைக்குள்ள வச்சுவிடுங்கோ" என்றும் சொன்னேன். எழுதினதை மீளப்பெறுகிறேன். ஆனால் முழுதாக மீளப்பெறத் தைரியம் வரவில்லை.

நேற்றுக் காலை. மஞ்சள் சுவெற்றரைப் போட்டுவிட்டேன். நீலத்தைக் கையில் எடுத்தேன். வைத்தேன். திரும்பவும் எடுத்தேன். அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தேன்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அப்பா, குளிருதோ?"

"ஓமம்மா. கொஞ்சம்."

"அப்ப அதை நீங்கள் போடுங்கோ."

நாலு வயதுப் பிள்ளையின் சுவெற்றர் எனக்கு அளவா, சொல்லுங்கள்? அதன் கைகளை என் கழுத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். சூடாகத்தான் இருந்தது.