குடிலுக்கு முன்னே ஒரு பலகை

லேப்டாப் திரையில், சென்சார் அளவைக் காட்டும் சீரியல் மானிட்டரில் பூஜ்யம். பூஜ்யம். மறுபடி பூஜ்யம். குடிலைச் சுற்றி ஊரே நிற்கிறது. என் சர்க்யூட் போர்டின் கணக்கில் கோவிலுக்குள் ஒருவரும் இல்லை.

சேலத்தில் ஒரு பங்குக் கோவில், கிறிஸ்துமஸ் குடில். யாராவது முன்னால் வந்து நின்றால் இருண்ட வைக்கோல் கூரையில் எல்.இ.டி.கள் ஒவ்வொன்றாய் விழித்து விடியல் போலப் பரவ வேண்டும். அதற்காகத் தரையில் ஒரு பிளைவுட் பலகை, அடியில் அழுத்தம் அறியும் சென்சார், பக்கத்தில் மைக்ரோகன்ட்ரோலர். பலகை கண்ணில் படட்டும் என்று அதில் பெரிய தங்க நட்சத்திரம் வரைந்திருந்தேன். பதினெட்டு வருஷம் போர்வெல் போடும் ரிக் வண்டியில் எலக்ட்ரிக்கல் வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. முதல் வேலை. சொதப்பினால் மறுபடி ரிக் வண்டிதான்.

நான் ஏறி நின்றேன். 640. விடிந்தது. இறங்கினேன், கூட்டம் வந்தது, பூஜ்யம். ஒயரை மாற்றினேன். புரோகிராமில், விளக்கு எரியத் தேவையான அளவைக் குறைத்தேன். நான் ஏறினால் விடிகிறது. மற்றவர் வந்தால் இருட்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

குடில் கமிட்டியின் ஸ்டெல்லா அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏனுங்க தம்பி, உங்க மிஷினுக்கு உங்கள மட்டுந்தான் புடிக்குமுங்களா?"

"ரெண்டே நிமிஷங்க்கா."

"பூசைக்கு முன்னாடியும் இதேதான் சொன்னீங்க. அடுத்த பூசைக்குள்ள எரியலைன்னா பழைய சீரியல் லைட்டையே மாட்டச் சொல்லிட்டாருங்க ஃபாதரு."

"அக்கா, நீங்க ஒருக்கா அதுமேல ஏறி நில்லுங்களேன்."

அவர் கால் பின்னுக்குப் போனது. "நட்சத்திரத்து மேலயா? ஏசு பொறந்த எடத்துக்கு மூணு ராசாக்களுக்கு வழி காட்டினதுங்க அது. யாராச்சும் கால வைப்பாங்களா?"

அப்போதுதான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினேன். செருப்பை வாசலில் விட்டு வந்த வெறுங்கால்கள் அத்தனையும், ஆற்றுத் தண்ணீர் பாறையைச் சுற்றுவதுபோல், பலகையைச் சுற்றிப் பிரிந்து, அப்பால் சேர்ந்தன. அங்கே விரித்திருந்த தென்னைநார் விரிப்பில் ஒவ்வொருவராய் முழங்கால் போட்டார்கள்.

சென்சாரை உருவி விரிப்புக்கு அடியில் தள்ளினேன். ஸ்டெல்லா அக்கா முழங்கால் போட்டார். 310. கூரை விடிந்தது. "அட!" என்றவர் சிலுவை போட மறந்துவிட்டார்.

இப்போதெல்லாம் புது இடத்துக்குப் போனால் பையைத் திறப்பதில்லை. ஓரமாய் நின்று கால்களைப் பார்க்கிறேன்: எங்கே வைக்கிறார்கள், எங்கே வைக்கவே மாட்டார்கள். சென்சார் வாங்குவது அப்புறம்.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நட்சத்திரத்தை வரைந்தவன் நான். சோதிக்கும்போதெல்லாம் அதன் நட்டநடுவில் ஏறி ஏறி நின்றவனும் நான். என் காலுக்கு மட்டும் அது எப்படி வெறும் பலகையாகவே இருந்தது?