நான் விழுங்கிய வாக்கியம்

என் வீட்டு மேசையின் வலது ஓரத்தில் ஒரு துருக்கறை இருக்கிறது. ஒரு சாண் நீளம், கட்டைவிரல் அகலம். புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சை போட்டுத் தேய்த்தேன், கடைசியில் உப்புத்தாள் வாங்கி வந்தும் தேய்த்துப் பார்த்துவிட்டேன். மேசையின் வார்னிஷ் போனதே ஒழிய கறை போகவில்லை. அந்த இடத்தில் நாலு வருஷம் ஓர் இரும்புக் கம்பி வடத்தின் துண்டு கிடந்தது. கப்பலில் சரக்கைக் கட்டித் தூக்குவார்களே, அந்த வடம். வீட்டுக்கு வந்தவர்கள் பேப்பர் பறக்காமல் இருக்க வைத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அதை எனக்குத் தந்தவர் எங்கள் துறைமுகத்தில் எல்லோரும் தண்டல் என்று கூப்பிட்ட மனிதர். தந்தார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. என் ஆபீஸ் மேசைக் கண்ணாடி சிதறும்படி அதை ஓங்கி அடித்துவிட்டுப் போனார்.

தோணியை ஓட்டிப் போகும் தலைவனைத் தண்டல் என்பது தூத்துக்குடிக் கடற்கரை வழக்கம். இவர் திரேஸ்புரத்துக்காரர். வாலிபத்தில் சங்கு குளித்தவர், பிறகு மாலத்தீவுக்குத் தோணி ஓட்டியவர், அதன்பின் துறைமுகத்தில் சரக்குக் கட்டும் கூட்டத்துக்குத் தலைவர். தோணியை விட்டபிறகும் பட்டம் ஒட்டிக்கொண்டது. ஆழத்தில் முங்கி முங்கி இடது காதில் ஜவ்வு கிழிந்துவிட்டதால் யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக் காட்டுவார். நான் அங்கே சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். நாசரேத் பக்கம் வாத்தியார் வீட்டில் பிறந்தவள். இங்கிலீஷ் தெரியும் என்பதால் தலையில் இரண்டு கொம்பு முளைத்திருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. கப்பல்காரர்கள் பேசுவதைத் தமிழிலும் தொழிலாளிகள் பேசுவதை இங்கிலீஷிலும் மாற்றிச் சொல்ல என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, கெத்து மட்டும் உண்டு.

எக்ஸ்பர்ட் என்ற சொல்லை ஒருநாளைக்குப் பத்துத் தடவையாவது டைப் அடித்திருப்பேன். அகராதியைக் கேட்டால் தேர்ந்தவர், கைதேர்ந்தவர், நிபுணர் என்று வரிசையாகச் சொல்லும். எங்கள் ஆபீஸில் அதற்கு அர்த்தம் வேறு. விமானத்தில் வந்து இறங்கி, வெள்ளைத் தொப்பி மாட்டி, கப்பலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாயங்கால விமானத்தில் திரும்பிப் போகிறவர் எக்ஸ்பர்ட். கேட் பாஸ் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வருகிறவன், முப்பது வருஷம் அதே வேலையைச் செய்திருந்தாலும், லேபர்தான். வெளியே டீக்கடையில் அது வெறும் வசவு. "வந்துட்டாம்லா எக்ஸ்பர்ட்டு" என்றால் அந்த ஆளுக்கு ஒன்றும் தெரியாது என்று பொருள். உண்மையில் வேலை தெரிந்தவனைத் துறைமுகத்தில் "ஆளு வேலைக்காரன்" என்பார்கள், அதுவும் அவன் இல்லாத இடத்தில்.

ஒருமுறை தண்டலிடம் விளையாட்டாக, "நீங்கதான் அண்ணாச்சி எங்க எக்ஸ்பர்ட்டு" என்று சொல்லிவிட்டேன். மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்பிடிச் சொல்லப்படாது தாயி" என்றார். சங்கு குளிக்கப் போகும் படகில் யாராவது "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவனைத் தண்ணீரில் இறங்கவிட மாட்டார்களாம். எத்தனை பாகம் ஆழம் போவாய் என்று கேட்டால், "கடல் விட்ட மட்டும்" என்றுதான் பதில் சொல்ல வேண்டுமாம். இவருடைய கூடப்பிறந்த அண்ணன் ஒருநாள் அந்தக் கட்டுப்பாட்டை மீறி, பார் என்கிற கடலடித் திட்டில் இறங்கப்போகையில், "எனக்குத் தெரியாத பாராலே இது?" என்று சொல்லிக்கொண்டே குதித்திருக்கிறான். மூக்கிலும் காதிலும் இரத்தம் கொப்பளிக்க அவனைத் தலைமயிரைப் பிடித்து மேலே இழுத்தவர் இவர். படகிலேயே உயிர் போய்விட்டது. "ஊரு சொல்லணும், நம்ம வாயி சொல்லப்படாது" என்று முடித்தார். இதை எல்லாம் நான் காதால் கேட்டவள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சொல்லவந்த கப்பல் மரத்தடிகளை ஏற்றி வந்திருந்தது. ஆள் கட்டிப்பிடிக்க முடியாத தடிகள். கப்பலின் மேல்தளத்தில் விஞ்ச் என்ற தூக்கும் இயந்திரத்தை ஓட்டியவர் தண்டலின் தங்கை கணவர். அவரை விஞ்ச்காரர் என்றே சொல்கிறேன். காலையில் வேலை தொடங்கும்முன் தண்டல் வடத்தை வெறும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அறுந்த இழைகள் முள்ளாகக் குத்தின. வளைத்தார், உள்ளிருந்து சிவப்புப் பொடி கொட்டியது. "இது செத்த கம்பி. இதைப் போடாதிய" என்று சூப்பர்வைசரிடம் சொன்னார். சூப்பர்வைசர் பையிலிருந்து ஒரு தாளை உருவி, "எக்ஸ்பர்ட் பாத்துக் கையெழுத்துப் போட்ட கம்பி இது. உமக்கு என்னவே தெரியும்?" என்றார். தனக்குத் தெரியும் என்று சொல்ல வாய் வராத மனிதர் அவர். கம்பியை மட்டும் இன்னொரு தரம் காட்டினார். வேலை தொடங்கிவிட்டது.

பதினோரு மணி இருக்கும். துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஜன்னலுக்கு ஓடினேன். வடம் அறுந்து தடி கீழே வந்திருந்தது. கொக்கியை அவிழ்க்கக் கீழே நின்றவர், முப்பது வயது, நெஞ்சுக்கு மேல் தடியும் நெஞ்சுக்குக் கீழ் தரையுமாகக் கிடந்தார். கால்கள் இரண்டும் சிமெண்டை உதைத்துக்கொண்டிருந்தன. பிறகு நின்றுவிட்டன. மரப்பட்டையில் இரத்தம் ஊறி இறங்குவதை மாடியிலிருந்தே பார்த்தேன். கடப்பாரை போட்டுத் தடியை நெம்பியவர்களில் முதல் ஆள் தண்டல். பிணத்தை வெளியே இழுத்துப் போட்டதும் நேரே சூப்பர்வைசரிடம் போனார். சட்டையைக் கொத்தாகப் பிடித்து, அந்த ஆளின் தலையை லாரிக் கதவில் மோதினார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. "தாளைக் காட்டுல! இப்பம் காட்டுல!" என்று அவர் கத்தியது கப்பலின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. நான்கு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

கம்பெனி விசாரணை வைத்தது. விஷயம் ஒன்றுதான். கம்பி கெட்டிருந்ததா, விஞ்ச்காரர் வெடுக்கென்று இழுத்து அறுத்தாரா? கம்பி என்றால் கம்பெனி தலையில் விழும். கை என்றால் விஞ்ச்காரருக்கு வேலை போகும். வேலை மட்டுமா? செத்தவருக்கு இரண்டு அண்ணன்மார். விசாரணை நடந்த மூன்று நாளும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் பேசாமல், முடிவுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டும்போது நான் தலையைக் குனிந்துகொண்டே போனேன்.

வெள்ளைத் தொப்பி மாட்டிய எக்ஸ்பர்ட் வந்தார். கம்பியில் குறையில்லை, இழுத்த கைதான் தவறு என்று இருபது நிமிஷம் இங்கிலீஷில் பேசினார். அடுத்தது தண்டல். ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்த கம்பித் துண்டைப் பிரித்து வைத்தார். "இழுத்து அறுந்தா முனை ஊசி மாதிரி கூம்பும் ஐயா. இது மொட்டையா ஒடிஞ்சிருக்கு, பாருங்க. உள்ளுக்குள்ள முன்னமே செத்த கம்பி" என்றார். அட்சரம் பிசகாமல் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். விசாரணை அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு, இவர் எக்ஸ்பர்ட்டா என்று கேட்கச் சொன்னார். "நீங்க இதுல கைதேர்ந்த நிபுணரான்னு கேக்காங்க அண்ணாச்சி" என்றேன். அவர் வலது காதைத் திருப்பினார். கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "இல்லம்மா. அப்பிடி நம்ம வாயால சொல்லப்படாது."

நான் "நோ, சார்" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னையே எத்தனையோ தடவை போட்டு உலுக்கியிருக்கிறேன். மேனேஜர் முறைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம், அது பொய். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கிழவர் படகுக் கதையை ஆரம்பித்துவிடுவாரோ என்று எரிச்சலாக இருந்தது. இந்த மூடநம்பிக்கையை எல்லாம் இங்கிலீஷில் சொன்னால் என்னையும் சேர்த்துச் சிரிப்பார்கள் என்ற வெட்கமும் இருந்தது. அவ்வளவுதான். இரண்டு வாக்கியத்தில் ஒன்றை விழுங்கினேன், தொண்டையில் சிக்கக்கூட இல்லை. அதிகாரி எழுதினார்: சாட்சி தான் நிபுணர் அல்ல என்று ஒப்புக்கொண்டதால் அவர் கருத்து ஏற்கப்படவில்லை. அதை டைப் அடித்ததும் நான்தான். தப்பே இல்லாமல் அடித்தேன்.

இழுத்த கைதான் தவறு என்று முடிவு வெளியான மறுநாள் காலை, பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். டீக்கடை வாசலில் விஞ்ச்காரர் நின்றிருந்தார். தன் சாமான்களை எடுத்துப்போக வந்திருப்பார் போல. வேப்பமரத்தடியிலிருந்து இரண்டு பேர் எழுந்தார்கள். "எந்தக் கையில இழுத்த? இந்தக் கையிலயா?" என்று மூத்தவன் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இளையவன் அவர் வலது கையை டீக்கடைப் பெஞ்சில் வைத்து அழுத்தினான். மூத்தவன் முதுகுப்புறத்திலிருந்து அரிவாளை உருவினான். இரண்டு வெட்டு. பெஞ்சில் வைத்திருந்த டீக்கிளாஸ் உருண்டு விழுந்தது, பக்கத்தில் மூன்று விரல்கள் கிடந்தன. விஞ்ச்காரர் அலறவே இல்லை, கையைத் தூக்கி வியப்போடு பார்த்தார், அதன்பிறகுதான் சரிந்தார். வெட்டினவர்கள் ஓடவில்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் போலீஸ் வரும்வரை அங்கேயே உட்கார்ந்து அழுதார்கள். நான் சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுத்துவிட்டு ஆபீஸுக்குப் போனேன்.

நாலு நாள் கழித்துத் தண்டல் வந்தார். யாரையும் கேட்காமல் நேரே என் மேசைக்கு வந்து கம்பியை ஓங்கி அடித்தார். கண்ணாடி உடைந்து சில்லு என் புறங்கையைக் கீறிவிட்டது. "ஏளா" என்றார். அதுவரை தாயி, அம்மா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். "பங்குச் சாமியாரு அந்தத் தாளை வாசிச்சுக் காட்டினாரு. நான் ரெண்டு பேச்சுல்லா சொன்னேன். நீ ஒண்ணத்தான சொல்லியிருக்க? உனக்குத் தெரியுமேளா! எங்க அண்ணன் செத்த கதையை உனக்கிட்டத்தான சொன்னேன்!" அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பிப் போய்விட்டார்.

அன்றைக்கே மேனேஜரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கிழித்துக் கூடையில் போட்டார். "ஃபைல் மூடியாச்சு. கம்பியையும் குப்பையில போடு" என்றார். போடவில்லை, சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அத்தோடு என் வீரம் தீர்ந்தது. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நாலு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். விஞ்ச்காரர் போட்ட வழக்கு லேபர் கோர்ட்டில் ஏறியபோதுதான் வேலையை விட்டேன், அவர் வக்கீலிடம் நானாகப் போனேன்.

கூண்டில் ஏறி இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னேன். கம்பெனி வக்கீல் எழுந்தார். சிரித்த முகத்தோடு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அம்மா, நீங்க மொழிபெயர்ப்புல எக்ஸ்பர்ட்டா?" பொறி எனக்குப் புரிந்துவிட்டது. ஆமாம் என்றால் அன்றைக்கு நான் சொன்னதுதான் சரி என்பார். இல்லை என்றால் இன்றைக்குச் சொல்வது செல்லாது என்பார். கடைசி வரிசையில் தண்டல் வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "இல்லை சார்" என்றேன். வக்கீல் உட்காரப் போனார். "இருங்க சார், நான் முடிக்கல. நான் எக்ஸ்பர்ட் இல்லை, தப்புப் பண்ணினவ. முழுங்கினவளுக்குத் தெரியாதா, எதை முழுங்கினோம்னு?" என்று கத்தியேவிட்டேன். நீதிபதி குரலைத் தாழ்த்தச் சொன்னார். ஆனால் முழுவதையும் எழுதிக்கொண்டார். நான் கொண்டுபோயிருந்த கம்பித் துண்டுக்கு நம்பர் போட்டு, கம்பெனி ஸ்டோரில் கிடந்த மறுபாதியையும் வரவழைத்து, இரண்டையும் சோதனைக்கு அனுப்பினார்கள். மொட்டையாக ஒடிந்த கம்பி, முன்பே செத்த கம்பி என்று ஆறு பக்கத்தில் அறிக்கை வந்தது. தண்டல் ஒரு மூச்சில் சொன்னதுதான்.

தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் விஞ்ச்காரர் இடது கையால் தாளை வாங்கினார். அதில் அவர் மீது குற்றமில்லை என்று இருந்தது. நான் வாசித்துத் தமிழில் சொன்னேன், ஒரு வரி விடாமல். அவர் மனைவி, தண்டலின் தங்கை, பொறுமையாக முழுவதையும் கேட்டாள். "போன பேரு வந்துட்டு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வெரலு?" என்று கேட்டாள். தாளை நாலாக மடித்து விஞ்ச்காரரின் இடது கையில் கொடுத்தேன்.

இப்போது போனைத் திறந்தால் பல்லுக்கு ஒரு எக்ஸ்பர்ட், பிரியாணிக்கு ஒரு எக்ஸ்பர்ட், மனை வாங்க ஒரு எக்ஸ்பர்ட். எல்லோரும் தங்கள் வாயாலேயே சொல்லிக்கொள்கிறார்கள், யாருக்கும் மூக்கில் இரத்தம் வரக் காணோம். நான் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். போன மாதம் தண்டல் ஏதோ ஓர் அரசாங்கத் தாளை வாசித்துச் சொல்லக் கேட்டு வந்தார். வாசித்துச் சொன்னேன். எழுந்திருக்கும்போது மேசை ஓரத்துக் கறையைப் பார்த்துவிட்டார். சுற்றிலும் வார்னிஷ் உரிந்திருந்ததையும் பார்த்தார். அன்று கம்பியைத் தடவியதுபோல வெறும் உள்ளங்கையால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகத் தடவினார்.

"போவாதுளா. தேய்க்காத" என்றார்.