சுவரைப் பார்த்த நாற்காலி

மர்பி டவுனில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஒரு நாற்காலி மட்டும் சுவரைப் பார்த்திருக்கும். அது மாமாவுடையது. தட்டைக் கையில் ஏந்தி, எங்களுக்கு முதுகு காட்டி அமர்ந்தே அவர் உண்பார். கோபக்காரர் என்று விருந்தினர் நினைத்துக்கொள்வார்கள். எதிரிலிருப்போரின் கண்களைச் சந்தித்துப் பேசப் பயின்ற மேடைப் பேச்சாளர் நான். அந்த முதுகின் மீது எனக்கு என்றுமே ஓர் ஆர்வம்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் மாமா ஒரு படைமுகாமில் ஹவில்தார். வீரர்களின் உணவுக்கூடம் அவர் பொறுப்பு. சமையலில் யாரும் குறை சொன்னதில்லை. ஆயினும் வீரர்கள் தட்டை நிரப்பிக்கொண்டு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய்விடுவார்கள். புதிதாக வண்ணம் அடித்தார், திரைச்சீலை மாட்டினார், தொலைக்காட்சியும் வரவழைத்தார். கூடம் காலியாகவே கிடந்தது. “இந்த மாசமும் இப்படியே இருந்தா வேற ஆளப் போட்டுடுவாராம்” என்று அதிகாரியின் எச்சரிக்கையை அம்மாவிடம் வந்து சொன்னார். பசித்தவனுக்கு நல்ல சோற்றைத் தவிர வேறென்ன வேண்டும் என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்காயிற்று. மேசைகளை வட்டமாகப் போடச் சொன்னேன் நான். பள்ளிப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியிருந்த தெம்பு.

அந்த மாதம்தான் படாகானா வந்தது: அதிகாரிகளே பரிமாற, வீரர்கள் குடும்பத்தோடு அமர்ந்து உண்ணும் பெருவிருந்து. அன்று நாங்களும் போயிருந்தோம்; அதிகாரி மாமாவையும் எங்களோடு பந்தியில் உட்கார வைத்துவிட்டார். உண்ட கை காய்ந்த பிறகும் கூடத்தில் எவரும் எழவில்லை, பேச்சும் ஓயவில்லை. தினமும் இப்படி இருந்தால் என்ன என்று பக்கத்திலிருந்த வேலூர்க்கார வீரரிடம் கேட்டேன்.

“தினமும் உங்க மாமா வாசல்ல வெறப்பா நின்னு எங்க தட்டையே பாக்குறாரும்மா. பரேடு முடிஞ்ச மாதிரியே இல்ல.”

“நல்லா சாப்புடுறீங்களான்னு பாக்கத்தானேப்பா நின்னேன்” என்றார் மாமா.

“அது எங்களுக்குத் தெரியும் சாப். தொண்டைக்குத் தெரியலையே.”

மேசையே சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. மறுநாள் கூடத்தின் மூலையில் ஒரு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, தானும் அங்கேயே உண்ணத் தொடங்கினார். சில நாட்களில் மரத்தடி காகங்களுக்கே என்றாயிற்று. பொறுப்பும் அவரிடமே நிலைத்தது.

ஓய்வு பெற்று எங்களோடு வந்து தங்கிய பிறகும் அவர் நாற்காலி திரும்பவில்லை. இன்று மதியம், கல்லூரிப் போட்டியில் வென்ற கோப்பையை மேசை நடுவே வைத்துவிட்டு, இரண்டாம் முறை ரசம் ஊற்றிக்கொண்டேன்.

“ரசம் நல்லா அமைஞ்சிருக்கு போல” என்றார் மாமா, சுவரைப் பார்த்தபடியே.

“எப்படி மாமா தெரிஞ்சுது?”

“கரண்டி சத்தம் கேட்டுதே.”

அந்தக் கூடத்திலும் இப்படிக் காதாலேயே பார்த்துக்கொண்டிருந்தாரா என்று கேட்டேன். அந்த முதுகு சிரிப்பில் மெல்லக் குலுங்கியது.