சந்தனப் பொட்டு வைத்த அமெரிக்காக்காரி

பிள்ளைகளே, மூத்தவள் சித்திரப் பள்ளிக்குப் போகக் கேட்டதும் நான் மறுத்ததும் உங்கள் இருவருக்கும் தெரியும். மற்றது தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

இங்கே இத்தாலியில், லிபெர்த்தாத் தெருவில் நான் பார்த்துக்கொண்ட வயதான அம்மா, சின்யோரா, முன்பு சித்திர ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, அவருடைய மேசைக்கு மேலே ஒரு பெண்ணின் பழைய புகைப்படத்தைக் கண்டேன். காலஞ்சென்ற தாயாக்கும் என்று நினைத்து, கண்ணாடியைத் துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்தேன். முன்னால் ஒரு பூவும் வைத்தேன். சின்யோரா கண்டுவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். அவர் இத்தாலியனில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

“உவ என்ரை அம்மா இல்லையடாப்பா. அமெரிக்காக்காரி. நூறு வருசத்துக்கு முந்திப் புத்தகங்களுக்குப் படம் கீறினவ.”

“அப்ப பொட்டை அழிச்சுவிடட்டே, சின்யோரா?”

“விடு. அவவுக்கு வடிவாத்தான் இருக்கு.”

அதற்குப் பிறகு கால் பிடித்துவிடும்போதெல்லாம் அந்த அமெரிக்காக்காரியின் கதைதான். சவர்க்கார விளம்பரத்துக்குக் கீறித் தொடங்கினாராம். பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டதால் ஆண் என்று நினைத்து வேலை கொடுத்தார்களாம். பிறகு சஞ்சிகை அட்டைகள், சிறுவர் புத்தகங்கள். அயல்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிஸ்கட் கொடுத்து, அசையாமல் இருத்திக் கீறுவாராம். புகைப்படங்கள் வந்து வேலை குறைந்தபோது, விதைப் பைகளுக்குப் பூக்கள் கீறினாராம்.

ஒருநாள் வாய்விட்டுச் சொன்னேன். “மூத்தவளை ஹோட்டல் வேலை பழக்கிற பள்ளிக்கு விடப்போறன். படம் கீறிச் சோறு தின்னேலுமே?”

“உவ சாகுமட்டும் திண்டவதானே,” என்று சின்யோரா சுவரைக் காட்டினார். “நீ மகளைக் கேட்டனியோ?”

“இல்லை.”

“பொட்டு வைக்கேக்கையும் நீ ஒருத்தரையும் கேக்கேல்லை.”

போன மாதம் சின்யோரா இறந்தார். எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய மகன் அறையை ஒதுக்கச் சொன்னார். அவர் சேர்த்த சஞ்சிகைகளையும் குறிப்புகளையும் கறுப்புப் பைகளில் கட்டி, குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். நாலு மாடி, ஏழு தரம். கை தன்பாட்டில் வேலை செய்தது. அந்தப் புகைப்படத்தை மட்டும் எடுக்கலாமா என்று கேட்டேன்.

“கொண்டு போ,” என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வீட்டுக்கு வந்தபோது நீங்கள் இருவரும் இல்லை. மேசையில் மூத்தவளைப் பள்ளியில் சேர்க்கும் படிவம் கிடந்தது. ஹோட்டல் பள்ளியின் பெயரை நான்தான் அதில் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். அதை அழித்தேன். அந்த இடத்தில் வேறொன்றும் எழுதவில்லை. மூத்தவள் இருக்கும் கதிரைப் பக்கம் தாளைத் திருப்பி, பென்சிலை அதன் மேல் வைத்தேன்.