கொல்லையில் நின்ற இடிவேந்தன்

திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு விழுப்புரம் பஸ்ஸில் கண்டக்டராகப் போகிற குமரேசனுக்கு இடது கை முழுசாக நீளாது. முழங்கையோடு மடங்கியே இருக்கும். ஒன்பது வயதில் மொட்டைமாடியிலிருந்து பறந்ததில் அப்படி ஆனது. பறந்ததாக அவன்தான் சொல்வான். அவன் அம்மா கடைசிவரை விழுந்ததாகத்தான் சொன்னாள்.

அந்த வருடம் திண்டிவனம் டாக்கீஸில் ‘இடிவேந்தன்’ என்ற படம் வந்திருந்தது. குமரேசனின் தாய்மாமன் சக்கரபாணி அங்கே வாசலில் டிக்கெட் கிழிக்கிற வேலையில் இருந்ததால் அவன் அதைப் பதினோரு தடவை பார்த்தான். இடிவேந்தன் நீல உடுப்பு போட்டிருப்பான். நெஞ்சில் ஜிகினாவில் தைத்த மின்னல், தோளில் சிவப்பு அங்கி, கண்ணில் கறுப்பு முகமூடி, இடுப்பு பெல்ட்டில் விட்டுவிட்டு எரியும் மூன்று பல்பு. இடைவேளைக்கு முன்னால் கையில் வெடிகுண்டோடு ஒரு பாறை உச்சியிலிருந்து அவன் கீழே தண்ணீரில் பாய்வான். அந்த இடத்தில் திண்டிவனமே விசிலடித்தது. பன்னிரண்டாவது தடவை பார்க்கப் போகவேண்டிய நாளில்தான் குமரேசன் துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு மாடி ஏறினான்.

அந்தப் படம் அதற்குப் பிறகு எங்கேயும் வரவில்லை. டிவியில் போடவில்லை, கேசட் கிடைக்கவில்லை, செல்போனில் எப்படித் தேடினாலும் ‘இடி’ என்று வானிலை அறிக்கைதான் வந்தது. டாக்கீஸ் கல்யாண மண்டபமாகிவிட்டது. மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். டிப்போவில் யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு படமே இல்லை என்றார்கள். அங்கன்வாடியில் வேலை பார்க்கும் அவன் மனைவி கலைப்பிரியா, கல்யாணமான புதிதில் அந்தக் கதையை ஆசையாகக் கேட்டவள், இருபது வருடத்தில் அது காய்ச்சலில் வந்த கனவாக இருக்கும் என்ற முடிவுக்கு வந்திருந்தாள். கையை உடைத்துக்கொண்டபோது காய்ச்சல் வந்தது உண்மைதான். அதனால் குமரேசனுக்கே சில சமயம் சந்தேகம் வந்துவிடும்.

இந்தப் பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, திருவக்கரை பஸ்ஸில் போகிற கண்டக்டர் வரவில்லை என்று குமரேசனை அதில் ஏற்றிவிட்டார்கள். கூட்டேரிப்பட்டு தாண்டி மயிலம் தாண்டி பஸ் திருவக்கரையை நெருங்கும்போது, சில்லறை கேட்ட ஒருவரிடம் வாதாடிக்கொண்டிருந்தவன் தற்செயலாக ஜன்னல் பக்கம் பார்த்தான். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைந்த கொல்லை நடுவில் இடிவேந்தன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றிருந்தான்.

குமரேசன் தன்னையறியாமல் விசிலடித்துவிட்டான். டிரைவர் பஸ்ஸை நிறுத்தி யார் இறங்குகிறார்கள் என்று கேட்டார். யாரும் இறங்கவில்லை. சில்லறை கேட்டவர் தன்னைத்தான் இறக்கிவிடப் போகிறார்கள் என்று பயந்து, சில்லறையே வேண்டாம் என்றார்.

அது சோளக்கொல்லைப் பொம்மைதான். ஆனால் நீல உடுப்பு, நெஞ்சில் மின்னல். மல்லாட்டை பிடுங்குகிற சமயம் என்பதால் இன்றோ நாளையோ பொம்மையைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். செவ்வாயும் புதனும் அவனுக்கு இரட்டை டூட்டி. வியாழன் பௌர்ணமி, திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் அம்முகிற நாள், யாருக்கும் லீவு கிடையாது. குமரேசன் டிப்போ அதிகாரியிடம் போய், அம்மனுக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறது, முப்பத்தைந்து வருடமாகத் தள்ளிப்போகிறது என்றான். அந்த அம்மன் விஷயத்தில் விளையாட அதிகாரிக்குத் தைரியமில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கொல்லை வீரம்மாளுடையது. அறுபது வயது, ஒல்லி, நடையில் வேகம். புருஷன் அப்பாதுரை காலமாகி ஆறு வருடம் ஆகிறது. ஒன்றரை ஏக்கரை அவளே பார்த்துக்கொள்கிறாள். குமரேசன் போனபோது களத்துமேட்டு வேப்பமரத்தடியில் செடியிலிருந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தாள். பொம்மை போட்டிருக்கும் துணி வேண்டும் என்று அவன் கேட்டதும் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“அத்தப் போட்டதுலேர்ந்துதான் பன்னி வர்றதில்ல. நீ எடுத்துக்கினு போய்ட்டா ராத்திரிக்கு யாரு நிப்பாங்க, நீயா?”

இந்தக் கேள்வியைக் குமரேசன் எதிர்பார்த்திருந்தான். பையிலிருந்து தன் பழைய காக்கி யூனிபாரத்தை எடுத்து நீட்டினான். காக்கியைக் கண்டால் மனுசனே ஒதுங்குவான் என்றான். வீரம்மாள் துணியைத் தடவிப் பார்த்து, கெட்டியாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள்.

இரண்டு பேருமாகப் பொம்மையைக் களத்துமேட்டுக்குத் தூக்கி வந்தார்கள். குமரேசன் பக்கத்தில் போய்ப் பார்த்தான். நீலம் சாம்பலாகியிருந்தது. உள்ளே வைத்துத் தைத்த ஸ்பாஞ்சு நமத்த வர்க்கி மாதிரி உதிர்ந்தது. அங்கியின் சிவப்பு பல்பொடி நிறத்துக்கு வந்திருந்தது. தோளில் காக்கை எச்சம். பெல்ட்டில் இருந்தவை சைக்கிள் டைனமோ பல்புகள் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் அது இருந்தது. அவன் காய்ச்சலில் கண்ட கனவில்லை.

துணி எப்படி இங்கே வந்தது என்று கேட்டான். பக்கத்துக் கல்குவாரியில் சினிமா எடுக்க வந்தவர்கள் ஒரு வாரம் தன் வீட்டில் சாமான் வைத்திருந்ததாகவும், டிரங்குப் பெட்டி ஒன்றை மட்டும் அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று விட்டுப் போனதாகவும் வீரம்மாள் சொன்னாள். முப்பத்தைந்து வருடமாக யாரும் வரவில்லை. இந்த வருடம் பன்றித் தொல்லை தாங்காமல் பெட்டியைத் திறந்திருக்கிறாள். அது என்ன படம் என்று அவளுக்குத் தெரியாது. படம் திண்டிவனத்தில் ஓடியபோது அவளுக்குப் பிரசவ நேரம்.

குமரேசன் உடனே கதை சொல்ல ஆரம்பித்தான். இரண்டு வசனம் சொன்னதும் உடுப்பு இல்லாமல் சொல்வது அவனுக்கே ஒட்டவில்லை. பொம்மையின் உடுப்பைக் கழற்றித் தட்டி உதறி, மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் போய்த் தன் சட்டை பேன்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு அதற்குள் இறங்கினான். அந்தக் காலத்து ஹீரோ ஒல்லியான ஆள். குமரேசன் இருபது வருடமாகக் கூட்டேரிப்பட்டு ஓட்டலில் பரோட்டா சாப்பிடுகிறவன். முதுகில் இருந்த ஜிப்பை வீரம்மாள், அவன் இடுப்பில் முழங்காலை முட்டுக்கொடுத்து, நெல் மூட்டை கட்டுகிற மாதிரி ஒரே இழுப்பாக இழுத்து ஏற்றிவிட்டாள்.

பிறகு வேப்பமரத்தடியில் ‘இடிவேந்தன்’ முதல் பாதி நடந்தது. தபால்காரன் மேல் இடி விழுந்து அவன் இடிவேந்தன் ஆனான். இரும்புக் கட்டிலை ஒற்றை விரலில் தூக்கினான். வில்லன் சிரித்தான். ஆய்ந்துகொண்டிருந்த மூன்று கூலிப் பெண்களும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். காதலி வருகிற இடத்தில் குமரேசன் கொஞ்சம் கூச்சப்பட்டான், ஆனால் விட்டுவிடவில்லை. கடைசியில் இடைவேளைப் பாய்ச்சல் வந்தது. உரலின் மேல் ஏறி நின்று வெடிகுண்டாக ஒரு தேங்காயை வலது கையில் பிடித்து, இடது கையை முன்னால் கொண்டுபோனான்.

“கைய அப்புடி மடக்கக் கூடாது,” என்றாள் வீரம்மாள். “எடது கை நேரா நீளணும். தலை அதுக்குள்ள போவணும். இல்லன்னா தண்ணி மூஞ்சில அடிச்சிரும்.”

குமரேசன் உரல் மேலிருந்தபடியே, படம் பார்க்காதவளுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டான்.

“நான்தான குதிச்சேன்.”

குமரேசன் தேங்காயைக் கீழே போட்டான்.

மெட்ராஸிலிருந்து குதிக்க வந்த ஸ்டண்ட் ஆள் குவாரித் தண்ணீரை எட்டிப் பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்று படுத்துவிட்டானாம். ஹீரோவுக்கு நீச்சல் தெரியாது. ஊர் ஆம்பளைகள் நீ குதி, நீ குதி என்று பாதி நாள் பேசிக்கொண்டிருந்தார்களாம். வெயில் இறங்கிவிட்டால் படம் எடுக்க முடியாது என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டிருந்தபோது, வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற வீரம்மாள், நான் வேண்டுமானால் குதிக்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். அவள் வெயில் காலத்தில் தினம் குதிக்கிற இடம் அது. அவளுக்கென்று இன்னொரு உடுப்பைப் பிடித்துத் தைத்து, முகமூடி மாட்டி, மூன்று தடவை குதிக்க வைத்தார்கள். கூலியாக ஒரு எவர்சில்வர் குடம். வெளியூர் போயிருந்த மாமியாருக்குத் தெரிந்தால் வம்பு என்று அப்பாதுரை அதைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்றுவிட்டார். அவளும் பேசவில்லை. பிறகு பேச யாருமில்லை.

வீட்டுக்குள் போய் அந்த இன்னொரு உடுப்பை எடுத்து வந்தாள். நொச்சித்தழை போட்டு மடித்து வைத்திருந்த அது நீலமாகவே இருந்தது. முழங்காலில் பாறை கிழித்த இடத்தை அவளே தைத்திருந்தாள். அதைப் பொம்மைக்குப் போட மனம் வரவில்லையாம்.

குமரேசன் உரலை விட்டு இறங்கினான். தான் பதினோரு தடவை விசிலடித்தது யாருக்கு என்று இப்போதுதான் தெரிந்தது. தான் ஏமாந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றவில்லை. குதித்த ஆளே எதிரில் நிற்கிறாளே என்ற மலைப்புதான் இருந்தது.

“என் கை நீளாதும்மா,” என்றான். “ஒங்களப் பாத்துதான் மாடிலேர்ந்து குதிச்சேன். ஒம்போது வயசுல.”

வீரம்மாள் அவன் முழங்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆனது.

“நான் தண்ணிலதானப்பா குதிச்சேன். நீ எதுக்குத் தரையில குதிச்ச?”

பதில் சொல்வதற்குள் ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. அதை விட்டால் அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. ஜிப் இறங்க மறுத்தது. கூலிப் பெண்கள் இரண்டு பேர் பிடித்து இழுத்தும் அசையவில்லை. வியர்வையில் உள்பக்கம் பனியனோடு ஒட்டிவேறு இருந்தது. மேலே தன் சட்டையைப் போட்டுப் பார்த்தான், ஸ்பாஞ்சு நெஞ்சுக்குப் பட்டன் எட்டவில்லை. வீரம்மாள் அப்பாதுரையின் பழைய லுங்கி ஒன்றைக் கொடுத்தாள். இடுப்பில் லுங்கி, தோளில் அங்கி, கையில் பையோடு இடிவேந்தன் வரப்பில் ஓடினான்.

பஸ்ஸில் பௌர்ணமிக் கூட்டம். கண்டக்டர் சீனுவாசன், அவனோடு ஒரே டிப்போ. வாயைத் திறந்தவன், லீவு வாங்கிய காரணம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டான்.

“வேண்டுதலா?” என்றான் மெதுவாக.

“ஆமாம்பா.”

அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. வேல் குத்தி வருகிறவர்களையும் வேப்பிலை கட்டி வருகிறவர்களையும் பார்த்த ஜனங்கள். ஜன்னலோர சீட் ஒன்றைக் காலி செய்து கொடுத்தார்கள். ஒரு அம்மா அவன் நெற்றியில் குங்குமம் வைத்தாள். இன்னொருத்தி அழுகிற குழந்தையை மடியில் கொடுத்து, பயம் தெளியட்டும், கொஞ்சம் தலையில் கை வை சாமி என்றாள். அவன் வைத்தான். குழந்தை இன்னும் வீறிட்டு அழுதது. கூட்டேரிப்பட்டில் யாரோ எடுத்த போட்டோ பஸ் திண்டிவனம் சேர்வதற்குள் டிப்போ வாட்ஸப் குழுவுக்குப் போய்விட்டது. அதிகாரி அதன் கீழே இரண்டு கும்பிட்ட கைகளைப் போட்டிருந்தார்.

கதவைத் திறந்த கலைப்பிரியா அங்கியைப் பார்த்தாள், லுங்கியைப் பார்த்தாள்.

“இன்னாங்க, டூட்டி டிரஸ்ஸ மாத்திட்டாங்களா?”

உள்ளே வந்து அவன் நெஞ்சைக் காட்டினான். அவள் ஜிகினா மின்னலை விரலால் தொட்டாள். இருபது வருடமாகக் கேட்டது அப்படியே இருந்தது, பெல்ட்டில் பல்பு முதற்கொண்டு. அவள் சாமி மாடத்திலிருந்து மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை எடுத்து வந்து ஜிப்பில் தேய்த்தாள். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. முதுகெல்லாம் நீலச் சாயம். அதைத் துணியால் துடைத்துவிட்டுக்கொண்டே, அந்தப் பாறையிலிருந்து குதிக்கிற இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள். கல்லூரியிலிருந்து வந்த மகள் சங்கவியும் பையை மாட்டியபடியே நின்று கேட்டாள். அவன் ஸ்டண்ட் ஆளுக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து ஆரம்பித்தான்.

சித்திரையில், மல்லாட்டை விற்று முடிந்த கையோடு, வீரம்மாள் விலாசம் விசாரித்துக்கொண்டு திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தாள். தலையில் அரை மூட்டை மல்லாட்டை. காக்கி நன்றாக வேலை செய்கிறது என்றாள். பன்றி வரவில்லை, ஆனால் குடித்துவிட்டு வந்த ஒருவன் பொம்மையிடம் விழுப்புரம் பஸ் எப்போது என்று அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தான், பேஜாராகிவிட்டது என்றாள். கலைப்பிரியா கொடுத்த டீயைக் குடித்து முடித்து, டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.

“சரி, மீதி பாதியச் சொல்லு. தண்ணில வுழுந்தவன் இன்னா ஆனான்?”

குமரேசன் சொன்னான். இந்தத் தடவை உடுப்பு இல்லாமல்தான். வெடிகுண்டு தண்ணீருக்குள் வெடித்தது, வில்லனின் கோட்டை இடிந்தது, காதலி கட்டிப்போட்ட கயிற்றிலிருந்து விடுபட்டாள். கடைசிக் காட்சியில், இனி உலகமெல்லாம் என் வீடு என்று சொல்லிவிட்டு இடிவேந்தன் மேகத்துக்குள் பறந்து போய்விடுவான். காதலி கண்ணீரோடு கையசைப்பாள். பதினோரு தடவையும் குமரேசன் அழுத இடம் அது.

வீரம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

“அவ்ளோ கஷ்டப்பட்டுக் குதிச்சது, இவன் பாட்டுக்கு அந்தப் பொண்ண வுட்டுட்டுப் போறதுக்கா? நல்லா இல்லப்பா.”

படம் அப்படித்தான் முடியும் என்றான் குமரேசன். தனக்கு அது தெரியாது, தான் பார்க்கவில்லை என்றாள் வீரம்மாள். கலைப்பிரியாவும் சங்கவியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். படத்தை ஞாபகம் வைத்திருப்பவன் அந்த ஊரிலேயே அவன் ஒருவன்தான். குதித்தவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். குமரேசன் இடிவேந்தனை மேகத்திலிருந்து இறக்கிக் காதலியிடம் திரும்பி வரவைத்தான்.